பிப்ரவரிக்குப் பொருள் சொன்ன பேச்சியம்மாள்

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போனில் செய்தி வந்தது. பேச்சியம்மாள் அக்கா காலமாகிவிட்டார். புற்றுநோய் என்று எங்களில் எவரிடமும் சொல்லாமல், போன மாதம் வரை ஷிஃப்டுக்கு வந்தவர்.

தென்காசிப் பக்கத்துக்காரர். தபால் வழியில் வரலாற்றில் எம்.ஏ. படித்தவர். குழந்தை இல்லையென்று கணவர் வேறு மணம் செய்துகொண்டதும் இங்கு வந்து, எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் பென்னலூரில் அறை எடுத்தார். 2009இல், கார்களுக்கு ஒயர் கட்டும் எங்கள் லைனில் சேர்ந்தார்.

டீ நேரத்தில் ரோமாபுரித் திருவிழாக்களைப் பற்றிச் சொல்வார். "பால்ல போட்டுத் திங்கியளே சீரியல், அது செரெஸ்னு அவுக தானியத்து அம்மன் பேருளா. அவளுக்கு எடுத்த விழாதான் செரியாலியா" என்பார்.

சில வருடங்களுக்கு முன், வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் எனக்கு வளைகாப்பு. அக்கா வளையலை எடுத்ததும் என் மாமியார் தடுத்தார்.

"கொயந்த இல்லாதவ கையால வாணாம்மா. அப்டி ஓரமா குந்து."

அக்கா நகரவில்லை.

"அத்தை, ரோம்ல பிப்ரவரி மாசம் லூப்பர்காலியான்னு ஒரு திருவிழா. லூப்பஸ்னா ஓநாய். அதுல வந்த பேருன்னு சொல்லுவாக. ஆட்டுத்தோலை வாரா கிழிச்சு ஆம்பளைக அடிச்சுக்கிட்டே ஓடுவாக. பிள்ளை வேணும்னு பொம்பளைக கையை நீட்டி அடி வாங்குவாக. அந்த வாருக்குப் பேரு ஃபெப்ருவா. தீட்டுக் கழிக்கதுன்னு அர்த்தம். மாசத்துக்கே அந்தப் பேரு வந்துட்டு. அவுக நிறுத்தி எத்தனையோ காலமாச்சு. நீங்க நாக்கால அடிக்கிய. நான் கையை நீட்ட மாட்டேன்."

நான் என் கையை அக்கா முன் நீட்டினேன்.

"போடுங்கக்கா."

இரண்டு கைகளுக்கும் நிறையப் போட்டார். மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் அக்காதான்.

நேற்று தகனம். ஊரிலிருந்து வந்த அவருடைய அண்ணன், "கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நாங்க வைக்கிறோம்" என்றேன்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதா? இன்னா பேச்சு இது?" என்று அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வழியை மறித்தார்.

லைனில் வேலை செய்யும் பதினோரு பெண்களும் யூனிஃபார்மோடு பாடையைத் தூக்கினோம். அண்ணன் முன்னால் வந்து தீச்சட்டியை என்னிடம் கொடுத்தார்.

கொள்ளி வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. தீ முழுவதும் பிடிக்கும்வரை அவரைப் பார்த்தபடியே நின்றோம்.

தலை நிமிர்ந்தே போங்கள், அக்கா.