ஓரத்துல கரை போட்ட மெயில்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர்ர்... கர்ர்ர்னு பேப்பரை இழுக்கிற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர். நான் ஆபரேட்டரா சேர்ந்த புதுசு. தமிழ் ஃபான்ட் போட்டா போற இடத்துல கட்டம் கட்டமாத்தான் தெரியும். அதனால இங்கிலீஷ் எழுத்துலயே தமிழை அடிச்சு அனுப்புவோம்.

பக்கத்துத் தெருவுல தறி நெய்யற தேவகி அக்காவுக்கும் மஸ்கட்ல இருந்த தம்பிக்கும் ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. பொண்ணுக்குக் காதுகுத்து வச்சதும் வீம்பை விட்டுட்டு வந்து, ஒரு பக்கத்துக்கு மெயில் சொன்னாங்க.

"பழசெல்லாம் மறந்துடுப்பா. கொழந்தைய மடியில வச்சிக்க தாய்மாமன் நீதான் வரணும்."

மூணாம் நாள் பதில் வந்துது. பேப்பரை வீணாக்காதேன்னு ஓனர் திட்டுவார், அதனால முதல் பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து சத்தமா படிச்சேன். வரியெல்லாம் பாதியில ஒடைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி > > னு ஒரு குறி...

"இன்னாமா இது, ஓரத்துல கரை மாதிரி?"ன்னு எட்டிப் பார்த்தாங்க. அடுத்த வரியிலயே முகம் மாறிடுச்சு.

"இது நான் சொன்னதாச்சே! என் லெட்டரை எனக்கே திருப்பி அனுப்பிட்டானா?"

லெட்டரைத் திருப்பி அனுப்பறதுன்னா உறவே வேணாம்னு அர்த்தம். மெயில்ல நம்ம எழுதினது பதிலோட சேர்ந்து வரும்னு எனக்கும் அப்போ தெரியாது.

"வாலாஜாபாத்துல பெரியப்பா பையன் இருக்கான். அவன் மடியில வச்சிக்கறேன்"னு சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சிக்கினே போயிட்டாங்க.

எனக்கு மனசே ஆறல. அந்த மெயிலைத் திரும்பத் திறந்து கீழே தள்ளினேன்... இன்னும் கீழே...

கரையெல்லாம் முடிஞ்ச இடத்துல, குறியே இல்லாம ரெண்டு வரி.

"அக்கா, லீவு கெடச்சிடுச்சி. கொழந்தைய வேற எவன் மடியிலயும் உக்கார வச்சிடாத."

செருப்பு கூட போடாம ஓடினேன். தறியை நிறுத்திட்டு மூணு தடவை படிக்கச் சொன்னாங்க.

"இத மொதல்ல எழுதறதுக்கு இன்னாவாம் அவனுக்கு!"ன்னு திட்டிக்கினே அழுதாங்க. நானும்தான்.

இப்போ வாட்ஸ்அப்ல நம்ம மெசேஜ் ஒரு கட்டத்துக்குள்ள அழகா நிக்குது, அடியில பதில். ஒரு குழப்பமும் கிடையாது.

எங்க அண்ணன் என்கிட்ட பேசி ஆறு மாசம் ஆகுது. நான் அனுப்பின மெசேஜ்ல ரெண்டு நீல டிக். அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லைன்னு நல்லாவே தெரியும்...

இருந்தும் விரல் ஒரு தடவை கீழே தள்ளிப் பாக்குது.