ஆள் குறைகிற ஊர்

பெண் கொடுக்கப் போகிற வீட்டை விசாரிப்பதுபோல யேசுதாசன் அமெரிக்காவை விசாரித்தான். மனைவி எப்சிபா தோஹாவில் நர்ஸ். நெப்ராஸ்காவில் மெர்ட்டன் கவுண்டி என்ற நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு அழைத்திருந்தது. இரண்டொரு நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கவுண்டி என்றால் நம்மூர் தாலுகா மாதிரி. ராஸ் லஃபான் எரிவாயு ஆலைக் கேம்பில் தங்கி டெக்னீஷியன் வேலை பார்த்த யேசுதாசன், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மகள் சுபிஷாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி, அந்தத் தாலுகாவின் பூர்வோத்தரத்தைப் படிக்கச் சொன்னான்.

முதல் பக்கம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. ஒரே ஒரு ஆறு, அதுவும் கோடையில் கணுக்காலளவு. கடலோ எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால். குளச்சல் பக்கத்துக் கரையில் பிறந்தவன் கடலில்லாத ஊருக்குச் சந்தோஷப்படுவது வேடிக்கைதான். ஆனால் நாலு வருஷம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த அலையில் அண்ணன் குடும்பத்தையே பறிகொடுத்தவனைப் பார்த்து யார் சிரிப்பது?

அடுத்தது வரலாறு. ரயில் வந்தது, ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், கோதுமை வந்தது. 1920-ல் பதினோராயிரம் பேர். அப்புறம் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் குறைவு. 2000-ல் மூவாயிரம்கூட இல்லை. சுபிஷா இங்கிலீஷில் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனாள். யேசுதாசனின் முகம் கறுத்தது.

அவன் ஊரில் கோயில்தான் குடும்பக் கணக்கு வைத்திருக்கும். கத்தார் போனாலும் குவைத் போனாலும் பெயர் அங்கேதான், கோயில் வரியும் அங்கேதான். பிழைக்கப் போனதற்காக ஒருவனைக் கணக்கிலிருந்து எடுக்கிற வழக்கமே கிடையாது. அதனால் கணக்கு கூடத்தான் செய்யும். அது குறைந்ததை அவன் பார்த்தது ஒரே ஒரு தடவை, அந்த அலைக்குப் பிறகு.

“எட்டாயிரம் பேர எதுவோ தின்னிருக்கு பிள்ள. நாம போவாண்டாம்,” என்றான் எப்சிபாவிடம்.

எப்சிபாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. விசா கொடுத்த கஃபீல் ‘கலாஸ்’, முடிந்தது என்று சொல்லிவிட்டால் மூட்டை கட்ட வேண்டிய பிழைப்பு இது. பள்ளிக்கூடம் முடித்ததும் மகள் எங்கே போவாள்? ஆனாலும் புருஷனின் பயம் அவளுக்குத் தெரியும். சண்டை போடாமல், தன்னை இன்டர்வியூ செய்த தலைமை நர்சுக்குச் சாயங்காலம் போன் போட்டாள். உங்கள் ஊரில் ஆட்கள் ஏன் குறைந்தார்கள் என்று கூச்சப்படாமல் கேட்டாள்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. டிராக்டர் வந்தது, பத்துப் பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்த்தார், பிள்ளைகள் பட்டணத்துக்குப் பிழைக்கப் போனார்கள், கணக்கெடுப்பில் அவர்களை அங்கேயே எண்ணிவிடுகிறார்கள் என்றாள். அவளுடைய மகன்கள் இருவரும் அப்படிப் போனவர்கள்தானாம். மிஞ்சியது வயசானவர்கள். அதனால்தான் நர்ஸ் கிடைக்காமல் தவிக்கிறார்களாம்.

“அப்போ எல்லாரும் நம்மளப் போல போனவுகளா?” யேசுதாசன் நம்ப முடியாமல் கேட்டான். ஆமாம் என்றாள் எப்சிபா. அவன் விடவில்லை.

“அங்க ஆளுவ எப்பிடிச் சாவாவ? அதக் கேட்டியா?”

“கேட்டேன். தொண்ணூறு வயசுக்கு மேல, கட்டில்ல படுத்துக்கிட்டு.”

“கட்டில்லயா?”

“கட்டில்லதான்.”

யேசுதாசன் தொப்பென்று உட்கார்ந்தான். நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அழுகையாகவும் சிரிப்பாகவும் சேர்ந்து வந்தது.

“வாறோமுன்னு சொல்லு பிள்ள,” என்றான்.