நாய் வண்டியில் பிள்ளை பிடிக்கப் போன கதை

டீசல் புகையும் ஃபினாயிலும் கலந்த ஒரு வாசனை... நகராட்சி வண்டி என்றாலே எனக்கு இன்னமும் அதுதான் மூக்கில் ஏறும்!

அப்போது எனக்கு மீசையும் புதுசு, வேலையும் புதுசு. நாமக்கல் பக்கம் ஒரு ஊர். பஸ் ஸ்டாண்டிலேயே படுத்து எழுகிற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் திறக்கிறோம். கட்டடம் நகராட்சியுடையது. சோறும் ஆட்களும் எங்கள் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு.

மறுநாள் காலை திறப்பு விழா. பிள்ளைகள் வராவிட்டால் கட்டடம் ப்ளீச்சிங் பவுடர் குடோன் ஆகிவிடும் என்று நகராட்சி ஆபீஸ் முழுக்கப் பேச்சு. (எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? டீக்கடை எதற்கு இருக்கிறது!)

பிள்ளைகளை அழைத்துவர நகராட்சியே ஒரு வண்டி கொடுத்தது. சும்மா! நிறுவனத்தை நடத்திய சுசீலாக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக்கு மாலை போட்டு, மைக் கட்டி, என்னை முன்னால் ஏற்றினார். "அன்புக் குழந்தைகளே..." என்று நானும் குழைந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம்... ஒரு பிள்ளை இல்லை. கூடவே நாய்களும் ஓட்டம்!

பூக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏனுங்க தம்பி, இது நாய் புடிக்கிற வண்டிங்க! மாலையப் போட்டா அதுகளுக்குத் தெரியாமப் போயிருமாக்கு?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கோமதி. பத்து வயது இருக்கும், அந்தக் கூட்டத்துக்கே தலைவி.

"யோவ் மைக்கு! உன்னையப் புடிச்சு உள்ள போட்டுப் பூட்டுனா நீ வருவியா?"

நான் அவசரமாக மைக்கை அணைக்கப் போனேன். அது 'கீஈஈ' என்றது.

சுசீலாக்கா வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தொட்டிக்கருகே தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்ன பண்ணுனா வருவ சாமி?"

"உங்க இல்லத்துப் பூட்டையும் சாவியையும் எங்கிட்டக் குடுங்க."

எனக்குப் பகீரென்றது. அது நகராட்சிப் பூட்டு, மேலே பெயின்டில் நம்பரெல்லாம் போட்டிருக்கும்! அக்கா யோசிக்கவேயில்லை, பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் பார்க்கணுமே! கடைவீதியை அடைத்துக்கொண்டு ஊர்வலம். முன்னால் பூட்டை ஆட்டிக்கொண்டு கோமதி, பின்னால் பிள்ளைகள், அதற்கும் பின்னால் நாய்கள், கடைசியில் மைக் செட்டைத் தலையில் சுமந்துகொண்டு நான்! கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சாயங்காலம் முழுக்க உள்ளே வருவதும் வெளியே ஓடுவதும்தான். நிஜமாகவே பூட்டவில்லையா என்று எங்களுக்குப் பரீட்சை! விடிந்தால் இருப்பார்களா என்று ராத்திரி முழுக்கத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் திறப்பு விழாவுக்கு நகராட்சி சேர்மன் வந்தார். கேட் அகலத் திறந்து கிடந்தது; உள்ளே ஒரு பிள்ளை குறையவில்லை.

"பூட்டு எங்கம்மா?" என்றார்.

"எங்கிட்டத்தானுங்க இருக்குது. நீங்க பயப்படாம உள்ள வாங்க" என்றாள் கோமதி.

சேர்மனே சிரித்துவிட்டார். குடோன் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது எல்லாம் முறையாக நடக்கிறது. ஒரு போன் போதும், சீட் வைத்த தனி வண்டி வருகிறது, பிள்ளையை அலுங்காமல் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன்...

ஆனால் கண்ணாடி ஏற்றிய அந்த வண்டி கடைவீதியைத் தாண்டும்போது, எந்தக் கடைக்காரரும் எழுந்து நிற்பதில்லை.