தெற்கத்தியாருக்கு அறை இல்லை

மியூனிக் ரயில் நிலையம், ஞாயிற்றுக்கிழமை காலை. சுவர் எழுப்பி மூன்று வருடமே ஆன பெர்லினுக்குப் போகிறேன். வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பதினோராம் நடைமேடையில் கோட்டும் தொப்பியுமாக நாற்பது, ஐம்பது இத்தாலியர்கள் நிற்கிறார்கள். எல்லோரும் இங்கே கட்டட வேலைக்கு வந்தவர்கள். யாரையும் வரவேற்க வரவில்லை. தங்கள் நாட்டிலிருந்து வரும் வண்டியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள்.

ஒருவரிடம் இத்தாலிய மொழியில் நெருப்புப்பெட்டி கேட்கிறேன். நாற்பது வயதிருக்கும். இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவைச் சேர்ந்தவராம். என் முகத்தையே பார்க்கிறார்.

"இந்தப் பாஷையை எங்கே கத்துக்கிட்டே?"

"உங்க நாட்டு வடக்கே, டூரின்ல. மெட்ராஸ்லேர்ந்து பரிமாற்ற மாணவனா வந்திருக்கேன். ஒரு வருஷம் படிப்பு."

"தங்க அறை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அவர் கொளுத்திய தீக்குச்சி விரலிலேயே அணைகிறது.

"நானும் முதல்ல அங்கேதான் போனேன். இருபது வீடு ஏறி இறங்கினேன். தெற்கத்தியாருக்கு அறை இல்லேன்னு வாசல்லயே போர்டு. அதனாலதான் இங்கே வந்துட்டேன். நீ என்னைவிட எவ்வளவு தெற்கு, தம்பி!"

நான் குடியிருக்கும் வீட்டு வாசலிலும் அந்தப் பலகை தொங்குகிறது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் இத்தாலிய வாக்கியமே அதுதான்.

அவர் திரும்பி, "இங்கே வாங்கடா! இந்தப் பையனுக்கு டூரின்ல அறை கொடுத்திருக்காங்க!" என்று கூவுகிறார்.

தங்களில் ஒருவன் ஜெயித்துவிட்டதைப் போல, ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.