இரண்டு பேசின் மண்

ஜெயக்கொடிக்கு எதைக் கண்டும் லேசில் அருவருப்பு வராது. தல்லாகுளத்தில் பதினான்கு வருஷமாகத் துப்புரவு வேலை பார்க்கிறாள், ஒப்பந்தக் கூலி. செத்த பெருச்சாளி, ஓட்டல் கழிவு, மூன்று கேரி பேக்கில் இறுக்கிக் கட்டி வீசுகிற நாப்கின் என்று அவள் அள்ளாதது இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அதே கையால் தக்காளிச் சோறு தின்பாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த மே மாதம், அதுவும் கோயில் ஹாலுக்குள், வயிற்றைக் குமட்டிக்கொண்டு வந்தது.

பிறந்தது பேரையூர்ப் பக்கம். அவளுடைய அப்பா கருப்பு அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தே காலம் தள்ளியவர். சோணையைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவள், வாய்க்கால் கரைத் தெருவில் குடியேறினாள். முதல் பிள்ளை தங்காமல் போனபோது, அழுது கிடந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரி தான் போகிற கிறிஸ்தவக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. வெளிச்சம், வானம், கடல் எல்லாவற்றையும் கடவுள் வாயால் சொல்லியே உண்டாக்கினாராம். மனுசனை மட்டும் அப்படிச் செய்யவில்லை. மண்ணை எடுத்து உருவாக்கினார். அப்படியானால் அவர் குனிந்திருப்பார், அவர் கையும் அழுக்காகியிருக்கும் என்று நினைத்தாள். அந்த ஒரு நினைப்புக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தாள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மே மாத விடுமுறை வகுப்பில் ஆறு நாளும் படைப்புக் கதை நடக்கும். ஆறாம் நாள் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு வாசலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர வேண்டும். அத்தனையும் ஒரே பேசினில் கொட்டிப் பிசைந்து ஒரு மனுசனைச் செய்வார்கள். வகுப்பிலேயே மூத்த பிள்ளை அவன் மூக்கில் ஊதும். ஒன்பது வருஷமாக மண் பிசைகிற பொறுப்பு ஜெயக்கொடிக்கு. அதனால் பிள்ளைகளுக்கு அவளும் ஒரு டீச்சர். இந்த வருஷம் ஊத வேண்டியவள் அவள் மகள் ஆர்த்திகா. ஒரு மாதமாகவே வீட்டுக் கண்ணாடி முன்னால் ஊதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. கோயிலுக்கு வருகிற அபார்ட்மெண்ட் வீடுகளின் வாசலில் மண் ஏது? கேட்டிலிருந்து லிப்ட் வரை சிமெண்டுதான். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு அம்மாவாக போன் போடுவார்கள். "அக்கா, நம்ம பிள்ளைக்கும் ஒரு பிடி மண்ணு கொண்டாந்துருங்க." ஜெயக்கொடி தன் தெருவில், வாய்க்கால் தூர் வாரிக் கொட்டிக் காய்ந்த குவியலிலிருந்து அள்ளி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வந்து கோயில் கேட்டில் வைத்துக் கொடுப்பாள். எங்கே அள்ளினாள் என்று யாரும் கேட்டதில்லை. நல்ல களிமண், பிசையப் பிசைய வெண்ணெய் மாதிரி வரும். போன வருஷத்து மனுசன் அத்தனை அழகாக அமைந்துவிட்டான் என்று சபை மூப்பர் மனைவி பொற்செல்வி வீட்டுக்கே எடுத்துப்போய் டிவி பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

அந்தப் பொற்செல்விதான் இந்த வருஷம் ஹால் வாசலிலேயே மறித்தாள். மேஜைமேல் புது வெள்ளைப் பேசின் இருந்தது. செருப்பு கிடக்கும் மூலையில் விளிம்பு உடைந்த சிவப்புப் பேசின் ஒன்று கிடந்தது.

"ஜெயக்கொடி, வாய்க்கால் கரைப் பிள்ளைங்க மண்ண அந்தச் செவப்புல போடு. அவங்க தனியா ஒண்ணு செஞ்சுக்கிரட்டும்."

"எல்லாம் ஒண்ணாத்தானம்மா போடுவோம்."

"அது சாக்கடை மண்ணு. பிள்ளைங்களுக்கு அலர்ஜி கிலர்ஜி வந்தா யாரு பதில் சொல்றது? உனக்குப் பழகிப்போச்சு, தெரியாது. சுத்தத்துக்காகத்தான் சொல்றேன், வேற ஒண்ணும் நெனச்சுக்காத. இங்க நம்ம ஷாரோன் ஊதட்டும்."

ஷாரோன் அவளுடைய பேத்தி, எட்டு வயது. ஜெயக்கொடி உள்ளே நின்ற ஆயரைப் பார்த்தாள். ஆயர் தன் போனைப் பார்த்தார்.

"கமிட்டியில பேசி முடிச்சதும்மா. இந்த ஒரு வருசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

வாய்க்கால் கரைப் பிள்ளைகள் ஏழு பேரும் செருப்புகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆர்த்திகா மட்டும் மண்ணைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நம்மள வேற நாள்லயா படைச்சாரு?"

ஜெயக்கொடி பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் காறித் துப்பினாள். சீ, என்ன மனுசர்கள். மனுசனைப் படைத்த அன்றைக்கு இவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் கடவுளுக்கே கையுறை மாட்டிவிட்டிருப்பார்கள். வாயைத் திறந்தால் இந்தக் கோயிலில் இனி தனக்கு வகுப்பு கிடையாது, அவளுக்கு அது தெரியும். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவளை நாலு பேர் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் மகள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது.

உள்ளே வந்தாள். சிவப்புப் பேசினைத் தூக்கி மேஜைமேல் வெள்ளைப் பேசினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஷாரோன், உன் மண்ணு ஏது?"

"நீங்கதான டீச்சர் காலைல கேட்டுல வச்சுக் குடுத்தீங்க."

"நான் எங்க எடுத்தேன் தெரியுமா? எங்க வீட்டு வாசல்ல, வாய்க்கால் தூர் வாருன குவியல்ல. அம்புட்டுப் பேருக்கும் அதே குவியல்தான். ஒம்பது வருசமா அதான்." பொற்செல்வி பக்கம் திரும்பினாள். "உங்க டிவி பக்கத்துல நிக்கிறவனும் அந்த மண்ணுதாம்மா."

பிள்ளைகள் தங்கள் கையை மோந்து பார்த்தார்கள். அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முதல் நாள் கெஞ்சிக் கேட்ட ஒருத்தி, அப்படி ஒரு போனே போடாதவளைப் போல சானிடைசரைத் தேடினாள். பொற்செல்வி பேத்தியைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போனாள்.

ஜெயக்கொடி இரண்டு பேசினையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்தாள். மகளிடம், "ஒரே நாள்தான்த்தா, ஒரே மண்ணுதான்" என்றாள். ஆர்த்திகா ஊதினாள். கைதட்ட வாய்க்கால் கரைப் பிள்ளைகளில் மற்ற ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். போகும்போது ஆயர் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் கலர் பேப்பரில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், அவள் சிரமப்பட வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போலத் தள்ளுவண்டியோடு பொற்செல்வியின் அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் போனாள். குப்பைத் தொட்டிக்குள் கனமாக ஒரு பொட்டலம் கிடந்தது. மூன்று கேரி பேக், ஒன்றுக்குள் ஒன்று, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. நாப்கினைக் கட்டுகிற மாதிரிதான் கட்டியிருந்தார்கள். கனத்தைப் பார்த்துப் பிரித்தாள். போன வருஷத்து மனுசன். கை, கால் எல்லாம் உடைந்திருந்தான். மூக்கும், அதில் பிள்ளை ஊதிய துளையும் மட்டும் அப்படியே இருந்தன.