மழைமானியும் மண்ணெண்ணெய் டின்னும்

வானத்திலிருந்து விழுவதைப் பதிவேட்டில் ஏற்றும் குமாஸ்தாவுக்கு, இடி மேலதிகாரியிடமிருந்துதான் விழும். சர்க்கார் படிவங்களில் மாட்டிக்கொண்டு முழிக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ராஜபாளையம் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில், அந்தக் காலப் பேச்சில் கச்சேரியில், தினமும் காலை எட்டு மணிக்கு மழை அளந்து எழுதுவது என் வேலை. எந்தக் கச்சேரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

தந்தி

வங்காள விரிகுடாவில் புயல் என்று ஒருநாள் தந்தி வந்தது. ஓடைக்கரைக் குடிசைகளில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி தமுக்கு அடிக்கச் சொன்னோம். பருத்தி வியாபாரி சுப்பராஜு என்னைப் பிடித்துக்கொண்டு, புயல் எப்படி உண்டாகிறது என்று கேட்டார். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். கடல் சூடாகும், அதன் மேலுள்ள ஈரக்காற்று உயரப் போகும், அந்த இடத்துக்குச் சுற்றியுள்ள காற்றெல்லாம் ஓடிவரும், பூமி சுழல்வதால் நேரே வராமல் சுற்றிச் சுற்றி வரும். நம் ஊர் வருவதற்குள் வேகம் குறைந்துவிடும், ஆனால் மேற்கு மலையில் முட்டி, மிச்சமிருக்கும் தண்ணீரையெல்லாம் கொட்டிவிடும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்புட்டுத் தூரம் சுத்திச் சுத்தி வாரதுக்கு, காத்துக்குத் தலை சுத்தாதாய்யா?"

அண்டா

மறுநாள் பகல் முழுக்கக் காற்று. பிறகு விடிய விடிய மழை. காலையில் மழை விட்டதும் நோட்டுப் புத்தகத்தோடு மழைமானியிடம் போனேன். மழைமானியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய அண்டா கவிழ்ந்திருந்தது, அதன் மேல் அம்மிக்கல். தூக்கிப் பார்த்தால் உள்ளே மழைமானி பொட்டு ஈரமில்லாமல் பத்திரமாக இருந்தது. பத்து வருஷத்தில் நான் கண்ட பெருமழைக்கு அன்றைய அளவு சைபர்.

கவிழ்த்து வைத்தவர் பியூன் வேதமாணிக்கம், பென்ஷனுக்கு ஒரு வருஷம் பாக்கி இருந்தவர். மழைமானிக்குச் சேதம் வந்தால் அவர்தான் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருந்தோம். நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

"சாதா மழைக்குத் திறந்துதானய்யா போட்டிருக்கேன். இது புயலு. தென்னமட்டை விழுந்து ஒடைஞ்சா, பொறவு எதைக் கொண்டு அளப்பீய?"

சேத விவரம்

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஓடை பெருகிப் பதினாலு குடிசை போயிருந்தது. நல்லவேளை, தமுக்குச் சத்தம் கேட்டுச் சனங்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. உபாத்தியாயர் வீட்டம்மா கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் சர்க்கார் அரிசியும் கூரை வேய ஓலையும் கிடைக்க வேண்டுமானால், படிவத்தில் மழை அளவு இருக்க வேண்டும். சைபருக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். இதை நான் மென்று விழுங்கிச் சொன்னபோது, ஈரச்சேலையோடு கைப்பிள்ளையை வைத்திருந்த குருவம்மா எழுந்துவிட்டாள். அவள் கேட்டதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

"மழையே பெய்யலேன்னா, எங்க வீட்டை நாங்களே தூக்கி ஓடையில போட்டுட்டோமாய்யா?"

டின்

கோபத்தோடு அவள் கையை நீட்டிய பக்கம், நடு முற்றத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின் இருந்தது. வாயை முழுக்க வெட்டிய டின். மழைத்தண்ணீர் பிடிக்கலாம் என்று முதல் நாள் அவள் காலியாக வைத்தது, வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் கூரை இல்லை, மரம் இல்லை. நேர்ச் சுவராக நிற்கும் எந்தப் பாத்திரமும் மழையைச் சரியாகத்தான் காட்டும். உபாத்தியாயரிடம் அளவுகோல் வாங்கி உள்ளே விட்டேன். ஒன்பது அங்குலம்!

உள்ளதை உள்ளபடி எழுதினேன், ஒன்றைத் தவிர. மழைமானி மூடிக்கிடந்தது என் கவனக்குறைவு என்று எழுதினேன். வேதமாணிக்கத்தின் பேரை எழுதக் கை வரவில்லை. தாசில்தார் இரண்டு தரம் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உமக்கு மெமோ, அவளுக்கு ஓலை. ரெண்டையும் கொண்டாரும், இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

தடயம்

சொன்னபடி இரண்டும் வந்தன. கூடவே ஒரு உத்தரவும் வந்தது: மழை அளந்த பாத்திரத்தைத் தடயமாகக் கச்சேரியில் வைக்க வேண்டும். டின்னுக்கு நம்பர் எழுதி, அரக்கு முத்திரை வைத்து, பீரோவில் பூட்டினோம். புதுக்கூரை வேய்ந்த கையோடு குருவம்மா வந்து பீரோ முன்னால் நின்றாள்.

"அரிசி வந்துட்டு, ஓலை வந்துட்டு. நான் தண்ணிக்குப் போவணும், என் டின்னு எப்பய்யா வரும்?"

கடலில் கிளம்பிய புயல் எங்கள் ஊரைக் கடந்து போக ஒன்றரை நாள் பிடித்தது, கச்சேரிக்குள் போன டின் வாசலைக் கடந்து வர எட்டு மாதம் பிடித்தது.