பதினோரு மணிக் கப்பல்

படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். அதனால்தான் நாற்பது வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்து, படகுத்துறையை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரியின் மாடியறையில் குடியேறினாள். அலுவலகத்தில் மட்டும் மூச்சு விடவில்லை. அக்கா வீட்டில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள்.

பொய்யைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? தினமும் காலை வீடியோ கூட்டத்துக்கு முன் ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் வியர்த்து வழிய உட்காருவாள்.

எட்டாவது மாதம் ஒருநாள் மின்விசிறி மண்டையைப் போட்டது. வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்தாள். கூட்டம் முடிகிற நேரத்தில் துறையில் நின்ற பதினோரு மணிக் கப்பல் காதைப் பிளக்கிற மாதிரி ஊதியது. இனி மறைக்க முடியாது என்று அவளே முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். நான் அக்கா வீட்ல இல்ல. ஒரு தீவுல இருக்கேன்."

மேலாளர் சிரித்துவிட்டார். "அது ஆறு மாசமா தெரியும்மா. ஜன்னலைச் சாத்தினா கப்பல் சத்தம் கேக்காதா? அது ஊதினாதான் நாங்க கூட்டத்தையே முடிக்கிறோம். வேலை ஒழுங்கா வருது, நீ எங்க இருந்தா என்ன?"

"அதெல்லாம் இருக்கட்டும், கடலைக் காட்டுடி" என்றாள் கூட வேலை பார்க்கும் தோழி.

மடிக்கணினியைத் தூக்கி ஜன்னலில் வைத்தாள். திரையில் எல்லா முகங்களும் நெருங்கி வந்தன. கடைசியில் மேலாளர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, அங்க இன்னொரு ரூம் கிடைக்குமா?"